மாப்புச்சே மொழி கெச்சுவாவின் கிளைமொழியா? தென் அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் அதன் இடம் என்ன?

கிளைமொழி இல்லை. தெற்குச் சிலியிலும் அதையொட்டிய அர்ஜென்டினாவிலும் வாழும் மாப்புச்சே மக்களின் மொழிக்கு மாப்புதுங்குன் என்று பெயர். 'மாப்பு' நிலம், 'சே' மக்கள், 'துங்குன்' பேச்சு. தென் அமெரிக்காவின் மற்ற பெரிய பழங்குடி மொழிகளான கெச்சுவா, அய்மாரா, குவாரனி எதனோடும் இதற்கு இரத்த உறவு இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. கொடுக்கல் வாங்கல் மட்டும் உண்டு. கிஞே, எப்பு, கூலா, மெலி என்று பத்துவரை எண்ணுவது சொந்தச் சொற்களில். நூறுக்கான 'பத்தாக்கா', ஆயிரத்துக்கான 'வரங்கா' இரண்டும் கெச்சுவா, அய்மாரா போன்ற ஆண்டிஸ் மலைப்பகுதி மொழிகளிலிருந்து வந்தவை.

எனக்கு இந்த மொழி பிடித்துப்போக 'நாங்கள்' என்ற சொல்தான் காரணம். கெச்சுவா, அய்மாரா, குவாரனி மூன்றுமே நம்மைப் போலவே நாம் வேறு, நாங்கள் வேறு என்று பிரிக்கின்றன. குவாரனியில் நாம் 'ஞாந்தே', நாங்கள் 'ஓரே'. மாப்புதுங்குனுக்கு அந்தப் பிரிவு தேவையில்லை. போனது இருவரா, அதற்கு மேலா என்பதுதான் அதற்கு முக்கியம். 'அமுன்' என்றால் போனேன். இருவர் போனோம் என்றால் 'அமுயு'. மூவராகிவிட்டால் 'அமுயிஞ்'.

அப்புறம் இன்னொன்று. 'அமுய்' என்றால் போனான். 'அமுர்கெய்' என்றால் போனானாம்! நாம் கடைசியில் ஒட்டும் 'ஆம்' வேலையை அங்கே நடுவில் செருகிய 'ர்கெ' செய்கிறது. கண்ணால் பார்த்து வியந்தாலும் அதுவேதான்: அட, போய்விட்டானே! இதைப் படித்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன்.

இந்த மொழிக்கான முதல் இலக்கணத்தை லூயிஸ் டி வால்டிவியா என்ற பாதிரியார் எழுதி, 1606-இல் லிமாவில் அச்சானது. 1641-இல் ஸ்பெயினே பியோபியோ ஆற்றை எல்லையாக ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மாப்புச்சேக்கள் எதிர்த்து நின்றார்கள். 1861 முதல் 1883 வரை சிலி ராணுவம் நடத்திய ஆக்கிரமிப்பில்தான் நிலம் பறிபோனது. பிறகு வந்த பள்ளிகளில் ஸ்பானியம் மட்டுமே. சிலியின் 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 17 லட்சம் பேர் தங்களை மாப்புச்சே என்று பதிந்தார்கள். மொழியைச் சரளமாகப் பேசுவோர் அதில் சிறு பகுதியே. பராகுவே 1992 அரசியலமைப்பிலேயே குவாரனியை ஆட்சிமொழியாக்கிவிட்டது. சிலியிலோ 2013-இல் கல்வாரினோ என்ற ஒரு சிற்றூராட்சி மாப்புதுங்குனை ஏற்றபோது அதுவே செய்தியானது. எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம்.

ஆனால் 2021 ஜூலையில், சிலியின் அரசியலமைப்புப் பேரவைத் தலைவராகத் தேர்வான மாப்புச்சே மொழியியலாளர் எலிசா லொன்கோன், தன் உரையை 'மாரி மாரி' என்ற மாப்புதுங்குன் வணக்கத்தோடு தொடங்கினார். நாடே கேட்டது.