படத்தில் வெட்டிய எட்டு மாதம்: காலேஜை விட்டு ஸ்டார்ட்அப் தொடங்கப்போகிறேன் என்னும் பையனின் பெற்றோருக்கு

இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். அரியர் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, “ஜுக்கர்பெர்க் டிகிரி முடிச்சாரா? பில் கேட்ஸ் முடிச்சாரா? நான் டிஸ்கன்டினியூ பண்ணிட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறேன்” என்கிறான். அன்றிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு இல்லை, நடுவில் அம்மா தூது. இந்த நிலையில் இருக்கும் வீட்டுக்காக இதை எழுதுகிறோம்.

“எல்லாரும் ஜுக்கர்பெர்க் ஆக முடியுமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஏன் முடியாது?” என்று மடக்கிவிடுவான், உங்களிடம் பதில் இருக்காது. அவனுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்த படத்தை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அது, ஜுக்கர்பெர்க் ஃபேஸ்புக் தொடங்கிய கதையைச் சொல்லி 2010-இல் வந்த ‘தி சோஷியல் நெட்வொர்க்’காக இருக்கும். நல்ல படம், ரசித்தே பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குவதற்காக எதையெல்லாம் வெட்டினார்கள் என்று பிறகு பேசுங்கள்.

படத்தில் காதலி விட்டுப் போகிறாள், பையன் குடிக்கிறான், அந்தக் கோபத்தில் ஒரே ராத்திரியில் ஒரு தளம் பிறக்கிறது, அதிலிருந்து ஃபேஸ்புக் வருகிறது. எரிகா ஆல்பிரைட் என்ற அந்தப் பெண் கற்பனைப் பாத்திரம். அன்றிரவு ஜுக்கர்பெர்க் எழுதிய இணைய நாட்குறிப்பில் ஒரு பெண்மீது எரிச்சல் தெரிந்தது உண்மைதான். ஆனால் இன்றைய மனைவி பிரிசில்லா சானோடு அவர் பழகத் தொடங்கியதும் அதே 2003-இல்தான். பெண்ணின் நிராகரிப்பு கம்பெனியைக் கட்டியது என்பது திரைக்கதையின் வசதி. நடந்ததைவிடக் கதைக்கே தன் விசுவாசம் என்று திரைக்கதை எழுதிய ஆரோன் சோர்கினே வெளிப்படையாகச் சொன்னவர். படத்தில் தன் சட்டைகளைத்தான் சரியாகக் காட்டினார்கள் என்று ஜுக்கர்பெர்க் கிண்டலடித்தார்.

அந்த ஒரே ராத்திரிக்கு முன்னால் ஆறு ஆண்டுக்கும் மேற்பட்ட பயிற்சி இருக்கிறது. அப்பா பல் மருத்துவர், அவரே பையனுக்கு அட்டாரி கம்ப்யூட்டரில் ‘பேசிக்’ என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு மென்பொருள் வல்லுநரை வீட்டுக்கே ட்யூஷன் வரவழைத்தார். சுமார் 12 வயதில் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் அப்பாவின் கிளினிக்கையும் இணைத்துச் செய்தி அனுப்பும் புரோகிராம் எழுதினான் பையன். பள்ளியிலேயே நண்பர் ஆடம் டி’ஏஞ்சலோவோடு சேர்ந்து, கேட்பவரின் ரசனையைக் கற்றுக்கொள்ளும் மியூசிக் பிளேயர் ஒன்றைச் செய்தார், பெரிய கம்பெனிகள் அதைக் கவனித்தன. ஹார்வர்டில் சேர்ந்த பிறகு முதலில் செய்தது, யார் எந்தப் பாடம் எடுக்கிறார்கள் என்று காட்டும் ஒரு சாதாரணத் தளம். ஆக ஃபேஸ்புக் அவருடைய முதல் முயற்சி அல்ல. உங்கள் பையனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே வருகிறது: இதற்கு முன்னால் நீ முடித்து, வேறு யாராவது பயன்படுத்திய மூன்று பொருள்களைக் காட்டு. பாதியில் நின்றவை கணக்கில் வராது.

படத்தில் மிகச் சரியாக எடுத்திருக்கும் காட்சிதான் மிக ஆபத்தானதும்கூட. விடுதித் தளங்களிலிருந்து மாணவர்களின் போட்டோக்களை அனுமதியில்லாமல் இறக்கி, இரண்டிரண்டாகக் காட்டி, யார் அழகு என்று ஓட்டுப் போடச் சொன்ன ஃபேஸ்மேஷ் அது. அந்தக் காட்சியில் நாயகன் பேசுவது பெரும்பாலும் ஜுக்கர்பெர்க்கின் நாட்குறிப்பு வரிகள்தான். நிஜத்தில் சுமார் 450 பேர் வந்து 22,000 ஓட்டுப் போட்டார்கள். தளம் மூடப்பட்டது, கல்லூரி விசாரித்தது, வெளியேற்றாமல் விட்டது. இதையே இங்கே ஒரு கல்லூரி சர்வரில் செய்துபார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் வரும்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையனுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

இனி காலண்டர். இதை ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் வையுங்கள், வேறு எந்த உபதேசத்தைவிடவும் இது வேலை செய்யும். 2004 பிப்ரவரி 4 அன்று தளம் திறந்தது. முதலீடு என்று பார்த்தால் ஜுக்கர்பெர்க்கும் அவருடைய கூட்டாளி எடுவார்டோ சாவரினும் ஆளுக்குப் போட்ட 1,000 டாலர், சர்வர் வாடகை மாதம் 85 டாலர். பிப்ரவரி இறுதி, மார்ச் தொடக்கத்துக்குள் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் மாணவர்களும் வந்துவிட்டார்கள். இவ்வளவும் நடக்கும்போது அவர் ஹார்வர்டு மாணவர், அந்தக் கல்வியாண்டு முடியும்வரை கல்லூரியில்தான் இருந்தார். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவுக்குப் போனது கோடை விடுமுறையில். அந்த ஆகஸ்டில் பீட்டர் தீல் என்ற முதலீட்டாளர் 5 லட்சம் டாலர் கொடுத்து 10.2 சதவீதப் பங்கு எடுத்தார். செப்டம்பரில் வகுப்பு தொடங்கியபோதுதான் ஜுக்கர்பெர்க் திரும்பிப் போகவில்லை. டிசம்பரில் 10 லட்சம் பயனர்கள்.

அதாவது பிப்ரவரி முதல் செப்டம்பர் வரையிலான இந்த எட்டு மாதத்தில் பொருள் முதலில், பயனர்கள் பிறகு, வெளியார் பணம் அதற்குப் பிறகு, கல்லூரியை விட்டது கடைசியில். படம் பார்த்த பையன்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: முதலில் காலேஜை விட வேண்டும், விட்டால் ஐடியா வரும் என்று. மைக்ரோசாஃப்ட் தொடங்கிய பில் கேட்ஸும் இதே வரிசைதான். 13 வயதிலிருந்து பள்ளி டெர்மினலில் புரோகிராம் எழுதியவர் அவர். 1975-இல் பால் ஆலனோடு சேர்ந்து ஆல்டேர் கம்ப்யூட்டருக்கு பேசிக் எழுதி, அதை வாங்கும் கம்பெனி கிடைத்த பிறகுதான் ஹார்வர்டை விட்டார். இன்னொன்று: அமெரிக்காவில் அந்த மாதிரிக் கல்லூரிகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், தோற்றால் திரும்பி வந்து அதே டிகிரியைத் தொடரலாம். வீட்டில் வசதியும் இருந்தது. அவர்கள் கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது.

கூடவே இருந்தவர்களைப் படம் சரியாகக் காட்டுவதில்லை. ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர்களில் கிறிஸ் ஹியூஸும் சாவரினும் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர்கள், இருவரும் 2006-இல். ஸ்டீவ் ஜாப்ஸோடு சேர்ந்து ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் இன்னும் சுவாரசியமானவர். ஆப்பிள் தொடங்கும்போது எச்.பி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், தன் கம்ப்யூட்டர் வடிவமைப்பை முதலில் எச்.பி.க்கே கொடுக்கப் பார்த்தார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். கோடீஸ்வரர் ஆன பிறகு பெயரை மாற்றிக்கொண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போய் 1986-இல் டிகிரி வாங்கினார். சான்றிதழில் இருக்கும் பெயர் ராக்கி ரக்கூன் கிளார்க்!

ஆப்பிள் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது, கம்பெனி பிறந்த இடம் என்று சொல்லப்படும் ஜாப்ஸ் வீட்டு கராஜ். அங்கே டிசைன் எதுவும் நடக்கவில்லை, கராஜ் கதை பாதி கட்டுக்கதை என்று வாஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார். உண்மையில் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது 1976-இல் வந்த முதல் ஆர்டர். மவுண்டன் வியூவில் பைட் ஷாப் என்ற கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பால் டெரல், ஒன்று 500 டாலர் வீதம் 50 கம்ப்யூட்டர் போர்டு கேட்டார். பொருள் வந்தால் பணம், முன்பணம் கிடையாது. உதிரிபாகம் வாங்கக் கையில் காசு இல்லை. ஆர்டரைக் காட்டி, 30 நாள் கடனுக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பாகங்களை வாங்கினார் ஜாப்ஸ். 30 நாளுக்குள் போர்டுகளைப் பூட்டி, சோதித்து, கொண்டுபோய்க் கொடுத்து, காசு வாங்கிக் கடனை அடைக்க வேண்டும். ஜாப்ஸின் தங்கை போர்டுக்கு 1 டாலர் கூலிக்குச் சிப்புகளைச் சொருகினார். டெரல் முழுக் கம்ப்யூட்டரை எதிர்பார்த்தார், வந்தது வெறும் போர்டு, ஆனாலும் வாங்கிக்கொண்டார். ஆர்டர், கடன், தவணை, டெலிவரி: மளிகைக் கடைக்காரருக்கும் இது தெரியும். 2015-இல் வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் படம் மூன்று அறிமுக விழாக்களின் மேடைக்குப் பின்னால் நடக்கும் சண்டைகளாகவே கதையை அமைத்தது. அப்படிச் சண்டைகள் அங்கே வரிசையாக நடக்கவில்லை. அந்த 30 நாள் கடனைவிட அது சினிமாவுக்குப் பொருத்தம், அவ்வளவுதான்.

தமிழ்ப் படத்திலும் இதே கதைதான். ‘சூரரைப் போற்று’ கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. சோழவந்தானைச் சேர்ந்த விமானப்படை வீரராகப் படத்தில் வருபவர், நிஜத்தில் கர்நாடகத்தின் கோரூர்க்காரர், தரைப்படையில் இருந்தவர், பிறகு விவசாயம் செய்தவர். அவருடைய விமான நிறுவனமான ஏர் டெக்கான் 2003-இல் பறப்பதற்கு முன் சில ஆண்டுகள் அவர் ஹெலிகாப்டர் வாடகைக் கம்பெனி நடத்தினார். விமானத் தொழிலின் உரிமம், பராமரிப்பு, பைலட் சம்பளம் எல்லாம் கையில் பழகிய இடம் அது. படத்தில் அது இல்லை.

படமே எடுக்காத கதைதான் நம் பையன்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர். இன்ஜினியரிங், எம்பிஏ, பிறகு ஜோஹோவில் பல ஆண்டு வேலை, அதன் பிறகு 2010-இல் சொந்தக் கம்பெனி. வாடிக்கையாளர் சேவை மென்பொருளை வேலையில் இருக்கும்போதே உள்ளும் புறமும் கற்றவர். 2021-இல் கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது.

மருத்துவம், மருந்து, பரிசோதனைக் கருவி பக்கம் பையனின் ஐடியா போனால் கண்டிப்பாக இருங்கள். ஸ்டான்ஃபோர்டை 19 வயதில் விட்ட எலிசபெத் ஹோம்ஸின் ரத்தப் பரிசோதனைக் கம்பெனியான தெரனோஸ் சுமார் 900 கோடி டாலர் மதிப்புக்குப் போனது. சொன்ன ரத்தப் பரிசோதனையை அந்தக் கருவி செய்யவில்லை. 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்கு 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை. ஆப்பில் பிழை இருந்தால் அப்டேட் போடலாம், தப்பான ரத்த ரிப்போர்ட்டுக்கு அப்டேட் கிடையாது.

சரி, இப்போது என்ன செய்வது? ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுங்கள், படிப்பு தொடரட்டும். வகுப்பு முடிந்த மாலையும் வார இறுதியும் அவனுடையவை. அதற்குள், நண்பர்களும் சொந்தக்காரர்களும் இல்லாத 100 பேர் பயன்படுத்த வேண்டும், 10 பேராவது காசு கொடுக்க வேண்டும், 50 ரூபாயானாலும் சரி. ஃப்ரீயாகக் கொடுத்தால் எல்லாரும் சூப்பர் என்பார்கள், அது கணக்கு இல்லை. இந்த இலக்கைத் தொட்டுவிட்டால் நீங்களும் அவன் பக்கம் உட்கார்ந்து பேசத் தயாராக இருங்கள்.

கம்பெனி பதிவை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். விசிட்டிங் கார்டில் ‘ஃபவுண்டர்’ போடும் ஆசையில்தான் பலர் மாட்டுகிறார்கள். பிரைவேட் லிமிடெட் தொடங்கினால் 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். எல்எல்பி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை) என்றால் ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8. விட்டால் தாமதக் கட்டணம் ஏறும். காசு வாங்கத் தொடங்கி, அது தொடரும் என்று தெரிந்த பிறகு பதிவு செய்தால் போதும்.

ஆனால் கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தம் முதல் நாளே வேண்டும். சாவரின் விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். படத்தில் அவர் பங்கு 34 சதவீதத்திலிருந்து 0.03 ஆகிறது, லேப்டாப் உடைகிறது. நிஜத்தில் பங்கு குறைக்கப்பட்டது, ஆனால் அவ்வளவு அல்ல. வழக்கு போட்டார், சமரசமானது, இணை நிறுவனர் என்ற பெயர் திரும்பி வந்தது, மிஞ்சிய பங்கே அவரைப் பெரும் கோடீஸ்வரர் ஆக்கியது. சண்டைக்கு அடிப்படை சாதாரணமானது: ஒருவர் கலிஃபோர்னியாவில் முழு நேரம், இன்னொருவர் நியூயார்க்கில், பேங்க் கணக்கு அவர் கையில். கோபத்தில் கணக்கை முடக்கினார், ஜுக்கர்பெர்க் தன் பணத்தையும் குடும்பப் பணத்தையும் போட்டு சர்வர்களை ஓட்டினார். இதைத் தவிர்க்க இரண்டே பக்கம் போதும்: பங்கு நான்கு ஆண்டில் படிப்படியாகச் சேரும், முதல் ஆண்டுக்குள் விலகினால் பங்கு இல்லை, எழுதிய கோட் கம்பெனிக்குச் சொந்தம், பேங்க் கணக்குக்கு இரண்டு கையெழுத்து.

இலக்கைத் தொட்டு, உண்மையிலேயே முழு நேரம் வேண்டும் என்று ஆனால், டிசி வாங்க வேண்டாம். விடுப்பு வாங்கலாம். அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்றிருந்த மத்தியக் கல்வி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, மாணவர் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி எடுத்துத் திரும்பச் சேரக் கல்லூரிகள் இடம் தர வேண்டும் என்கிறது. வருகைப் பதிவில் சலுகையும் பேசுகிறது. எல்லாக் கல்லூரியும் தானாகக் கொடுத்துவிடாது. அந்தக் கல்லூரி இதை ஏற்றிருக்கிறதா என்று அங்கே மாணவர் புத்தாக்க முயற்சிகளைக் கவனிக்கும் இன்னோவேஷன் கவுன்சிலின் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியானால் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’க்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், சொல்லாமல் நின்றுவிட்டுப் பிறகு கேட்டால் சிக்கல். பி.இ. முடிக்க மொத்தம் ஏழு ஆண்டுதான், இடைவெளியும் அதற்குள் அடக்கம். திரும்பும்போது ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) மாறியிருந்தால் புதிய பாடங்கள் சிலவற்றைக் கூடுதலாக எழுத வேண்டிவரும்.

கல்விக் கடன் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் பேங்க் மேலாளரைப் பாருங்கள். தவணை தொடங்கும் தேதி படிப்புக் காலத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கடனில் உங்கள் கையெழுத்தும் இருப்பதால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். முதல் பட்டதாரிச் சலுகையில் படித்தால், இடைவெளிக்குப் பின் அது தொடருமா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி, மார்க்‌ஷீட் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள்.