சுகர் கிளினிக்கில் பாதத்தில் வைக்கும் நரம்பு மிஷின்: அவசியமா, பணம் பிடுங்கவா?

"அப்பாவுக்குப் பத்து வருஷமாக சுகர். காலில் ஒரு தொந்தரவும் இல்லை, ஆனாலும் பாதத்தில் ஏதோ மிஷினை வைத்துவிட்டு தனியாகப் பணம் வாங்குகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "ஒரு தொந்தரவும் இல்லை"தான் என்னை எழுத வைத்தது. அப்படிப்பட்ட ஒரு கிளினிக்கில் அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். 'நீ அப்படித்தான் சொல்லுவ' என்று வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எத்தனை கால் பார்த்தாலும் எனக்கு அதே மாதச் சம்பளம்தான்.

அது பயோதீசியோமீட்டராக இருக்கும். கட்டைவிரலில் ப்ரோபை வைத்து அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம், எந்த வோல்ட்டில் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். 25ஐத் தாண்டினால் பாதத்தில் புண் வரும் ஆபத்து அதிகம்.

மனைவியோடு வந்த கட்டட மேஸ்திரி ஒருவர் இதே மாதிரிதான் சண்டை போட்டார். "என் காலு இரும்பும்மா, மிஷினுக்கெல்லாம் காசு தர முடியாது." சரி, காசு வேண்டாம் என்று மோனோஃபிலமென்ட்டை எடுத்தேன். குச்சியில் செருகிய நைலான் இழைதான், 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல், முன்பாதம் என்று ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்தினேன். இழை வில்லாக வளைந்து நிற்கிறது, அவர் "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்கிறார். பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. சுண்டுவிரல் ஓரத்தில் செருப்பு வார் அறுத்து ஒரு புண் வேறு, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. எரிச்சல், குத்தல் இருப்பவர்கள் தானாகவே ஓடி வந்துவிடுவார்கள், மரத்துப்போனவர்தான் வரமாட்டார்.

மிஷின் சொல்வதே வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. அது பெரிய நரம்பு இழைகளைத்தான் பார்க்கும். எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் ரீடிங் நார்மலாகவே வரலாம். காய்ப்பு ஏறிய இடத்தில் வைத்தால் எண் தப்பாக ஏறும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை ரொம்ப நாளாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே மதமதப்பு வரும், அதற்கு ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். இலவச முகாம் என்று மிஷினை வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சத்து மாத்திரை அட்டையை நீட்டுபவர்களைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் டைப் 2 என்றால் கண்டுபிடித்த நாளிலிருந்தே வருஷத்துக்கு ஒருமுறை பாதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். காசு பிரச்சினை என்றால் மோனோஃபிலமென்ட்டும் 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கும் (தட்டினால் அதிரும் உலோகக் கவை) போதும், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலில் உணர்ச்சி இல்லாதவர் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்று உள்ளே நான் தொண்டை கிழியச் சொல்கிறேன், எங்கள் வாசலிலேயே 'காலணிகளை வெளியே விடவும்' என்று போர்டு. சித்திரை வெயிலில் அந்த சிமென்ட் தரையில் எனக்கே கால் சுடும். தரை அழுக்காகுதாம். பலமுறை சொல்லியாகிவிட்டது, போர்டுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்ததுதான் மிச்சம். நீங்கள் அப்பாவைச் செருப்போடே கூட்டிப் போங்கள், யாராவது கேட்டால் சண்டை போடுங்கள்.