இரண்டு குதிரைகளுக்கு நகர்த்தும் கொட்டகை: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என்னிடம் ஒரு பெண் குதிரையும், அதைவிட உயரம் குறைந்த, காயடித்த ஆண் குதிரை ஒன்றும் உள்ளன. மூன்றரை ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை மூன்று பகுதிகளாக வேலியிட்டு, மாற்றி மாற்றி மேய விடுகிறேன். இப்போதுள்ள நிலையான கொட்டகையின் வாசல் மழைக்காலத்தில் கால் புதையும் சேறாகிவிடுவதால், இழுத்து நகர்த்தும் கொட்டகை ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். இரும்புச் சறுக்குச் சட்டத்தின் மேல் அமைந்த மரக் கொட்டகை ஒன்றும், சக்கரம் பூட்டியது ஒன்றும் பார்த்திருக்கிறேன். இரண்டும் 12 அடிக்கு 12 அடி. வாசல் 4 அடி. இரண்டு குதிரைகளுக்கு இது போதும் என்று விற்பவர் சொல்கிறார். என்னிடம் டிராக்டர் உண்டு. எதை வாங்கலாம்?

பதில்: சறுக்குச் சட்டமா, சக்கரமா என்பதற்கு முன்பாகவே தாங்கள் குறிப்பிட்ட அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 12 அடிக்கு 12 அடி என்பது ஒரு குதிரைக்கான இடம். இரண்டு குதிரைகளை அதற்குள் நிறுத்திவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவை தாமாக அப்படி நிற்குமா என்பது வேறு கேள்வி. குதிரைகளுக்குள் மேல் கீழ் உண்டு. தங்கள் பெண் குதிரை அதிகாரம் செலுத்துவதாக இருந்தால், 4 அடி வாசலில் அது குறுக்காக நின்று காதுகளைப் பின்னோக்கி மடித்தாலே போதும், மற்றது உள்ளே வரத் துணியாமல், காற்றுக்குப் பிட்டத்தைக் காட்டியபடி மழையில் நின்றுகொண்டிருக்கும். அதைவிட மோசமானது, சிறிய குதிரை உள்ளே இருக்கும்போது பெரியது வாசலை அடைத்துக்கொண்டு உதைப்பதாகும். தப்பிச் செல்ல வழியில்லாத மூலையில் விழும் உதை காலெலும்பை முறித்துவிடக்கூடும்.

ஆகவே இரண்டு குதிரைகளுக்கு 24 அடி நீளமும் 12 அடி ஆழமும் கொண்ட கொட்டகையைக் கேளுங்கள். அதன் முன்பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும், அல்லது இரு முனைகளிலும் அகலமான வாசல் ஒவ்வொன்று இருக்க வேண்டும். நடுவில் தடுப்புச் சுவர் வேண்டாம். அவ்வளவு நீளமானதை வேலிக் கதவுகள் வழியே இழுத்துச் செல்ல முடியாது என்றால், 12 அடிக் கொட்டகைகளாக இரண்டு வாங்கி, சற்றுத் தள்ளித் தள்ளி நிறுத்தலாம். ஒன்றையொன்று விரட்டும் குதிரைகளுக்கு இந்த ஏற்பாடே மேல் என்பது என் கருத்து. எப்படியானாலும், கொட்டகையின் அகலத்தையும் தங்கள் வேலிக் கதவின் அகலத்தையும் அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சக்கரம் பூட்டிய வகையில் நகர்த்துவது எளிதுதான். ஆனால் நிறுத்திய இடத்தில் சக்கரங்களை மேலே தூக்கிவிட்டுச் சுவர்களைத் தரையில் உட்கார வைக்கும் அமைப்பு அதில் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லையெனில் சுவருக்கும் தரைக்கும் இடையே சந்து இருக்கும். படுத்துப் புரளும் குதிரையின் கால் அதற்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால், அது எழ முயன்று உதறும் ஒவ்வொரு முறையும் காயம் பெரிதாகும். தங்களிடம் டிராக்டர் இருக்கும் நிலையில், இரும்புச் சறுக்குச் சட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். சட்டம் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். அதன் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், இல்லையேல் இழுக்கும்போது ஏர்போல மண்ணைக் கீறிக்கொண்டே செல்லும். மரச் சட்டங்கள் ஈர மண்ணில் கிடந்து கிடந்து உளுத்துப்போகும்.

இழுக்கும் வளையம் இரண்டு சட்டங்களிலும் இருப்பது அவசியம். ஒரே வளையத்தில் சங்கிலியைக் கட்டி இழுத்ததால் சதுரம் கோணி, கூரைத் தகடுகள் ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்ட கொட்டகை ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரு சட்டங்களிலிருந்தும் சம நீளச் சங்கிலிகளை எடுத்து நடுவில் இணைத்து, சட்டங்கள் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். குதிரைகளை முன்னதாகவே வேறு பகுதியில் அடைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீண்ட நாள் நின்ற சட்டம் ஈர மண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கடப்பாரையால் நெம்பி அசைத்துவிட்டு இழுப்பது நல்லது.

மரவேலையைச் சோதிக்கும்போது கண்ணை மட்டும் நம்பாமல், உட்சுவர் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஆணி முனையோ, போல்ட் தலையோ, சிலாம்போ கையில் தட்டினால் அது நாளை குதிரையின் தோலிலும் தட்டும். தரையிலிருந்து 4 அடி உயரம் வரை உதையைத் தாங்கும் தடித்த பலகை வேண்டும். வாசலின் உயரம் 8 அடிக்குக் குறையக் கூடாது. கூரைத் தகட்டின் வெட்டு விளிம்பு குதிரையின் கண்மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூரை பின்பக்கமாகச் சரிந்திருந்தால் மழைநீர் வாசலில் விழாது. வெறும் தகட்டுக் கூரை வெயிலில் அனலாகவும் மழையில் பேரிரைச்சலாகவும் இருக்கும்; அடியில் பலகை வேய்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். குதிரைகள் மரத்தைக் கடிக்கும் என்பதால், மரத்துக்குப் பூசிய பாதுகாப்பு மருந்து எது என்று கேட்டு, ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்ததையும், கிரியோசோட் என்னும் தார் எண்ணெயையும் தவிர்த்துவிடுங்கள்.

முன்பக்கம் திறந்த கொட்டகை பலத்த காற்றில் குடையைப் போன்றது. கனமான மரமாயிற்றே என்று எண்ணி அப்படியே விட்டுவிடக் கூடாது. நான்கு மூலைகளிலும் நிலத்தில் முறுக்கி இறக்கும் நங்கூரக் கம்பிகளைப் பொருத்த வேண்டும். மணற்பாங்கான மண்ணுக்கு நீளமான கம்பிகள் தேவை. முதுகுப்பக்கம் காற்று வரும் திசையை நோக்கியிருக்கட்டும். பருவத்துக்குப் பருவம் காற்று திசை மாறினால், கொட்டகையையும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நிலையான கொட்டகைக்கு இந்த வசதி இல்லை.

சேறுதான் தங்கள் அடிப்படைக் குறை என்பதால், இடத்தைக் குறித்து ஒரு சொல். மேடான, நீர் வடியும் இடத்தில் நிறுத்துங்கள். வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு குதிரை சிக்கிக்கொள்ளும் அளவுக்குக் குறுகிய இடைவெளியை விட்டுவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியையும் வைக்கோலையும் வாசலருகே வைத்தால் குதிரைகள் அங்கேயே மிதித்துக்கொண்டிருக்கும். எனவே அவற்றைத் தள்ளி வையுங்கள். ஒரு குதிரை நாளொன்றுக்குக் கிலோக்கணக்கில் லத்தி போடும். அதைத் தினமும் அள்ளிவிட வேண்டும். வாசலில் புல் தேய்ந்து மண் தெரியத் தொடங்கும்போதே நகர்த்திவிடுங்கள். சேறான பின்பு நகர்த்தினால் அந்த இடம் ஆறுவதற்கு ஒரு பருவம் பிடிக்கும், டிராக்டரும் அதே சேற்றில் சுழலும். மழைக்காலம் முழுவதும் நிலம் இறுகுவதே இல்லையென்றால், அப்பருவத்துக்கு மட்டும் சரளை பரப்பிய ஓரிடத்தைத் தயார் செய்து, கொட்டகையை அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய கொட்டகையை இப்போதே பிரித்துவிட வேண்டாம். வாசலை அடைத்துவிட்டால் வைக்கோல் நனையாமல் வைக்க அது உதவும். புதியதற்குள் இரண்டு குதிரைகளும் அச்சமின்றி ஒன்றாக நிற்பதைச் சில மழை நாட்களில் கண்டபின் அதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.