ஸ்டெம் செல் ஊசிக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. 14 மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டது. மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து, வயிற்றுத் தோலுக்கடியில் வைத்து, உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த எலும்பு இன்னும் வயிற்றிலேயே இருக்கிறது. வலது கை விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான்; பகலிலும் தூங்கி வழிகிறான். அவனுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து முதுகில் ஊசியாகப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். 3 ஊசிக்கு 9 லட்சம் ரூபாய். நிலத்தை விற்றுவிடலாமா டாக்டர்?

பதில்: விற்காதீர்கள் அம்மா.

பிற வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் பற்றிய ஆராய்ச்சி பொய்யல்ல. 2024 ஜூலையில் ஜப்பான், தலைக்காயத்தால் கை கால் செயலிழந்தவர்களுக்கான ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 46 பேருக்கு மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, காயத்தைச் சுற்றி செல்களைச் செலுத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 15 பேருக்கு செல் செலுத்தாமல் பெயருக்கு ஒரு பாவனை அறுவை மட்டும். 6 மாதத்தில் செல் பெற்றவர்களின் அசைவுகள் கூடுதலாக முன்னேறியிருந்தன. ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் இடையே உறுதியான வேறுபாடு நிற்கவில்லை. அவை கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து ஆய்வகத்தில் மாற்றியமைத்த செல்கள். உங்களிடம் சொல்லப்படும் முதுகு ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் மாற்று ஏற்கப்பட்ட சிகிச்சை. தலைக்காயத்துக்கு அது ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே அந்த மையத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இது ஆய்வு என்றால் பதிவு எண் என்ன, எதற்குப் பணம்?"

அங்கே போய் நடந்தவர்களின் வீடியோவைக் காட்டியிருப்பார்கள். ஊசியோடு தினமும் பல மணி நேரம் பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். தலைக்காயத்தில் இரண்டு ஆண்டுகள் வரையும், சிலருக்கு அதன் பிறகும் இயல்பாகவே முன்னேற்றம் இருக்கும். பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வயிற்றில் இருக்கும் அந்த எலும்புதான். மண்டை ஓடு திறந்தே இருந்தால் மூளையின் ரத்த ஓட்டமும் மூளையைச் சுற்றியுள்ள நீரின் ஓட்டமும் சீர்கெடலாம். மூடிய பிறகு பேச்சும் நடையும் தெளிந்த நோயாளிகள் உண்டு. இத்தனை மாதத்தில் எலும்பு கரைந்திருந்தால் டைட்டானியம் தகடு வைக்கலாம். அறுவை செய்த நரம்பியல் அறுவை மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். பகல் தூக்கத்துக்கு மூளையில் நீர் கோத்திருப்பதோ, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் குறைந்திருப்பதோ காரணமாகலாம்; வலிப்பு மாத்திரை சாப்பிட்டுவந்தால் அதுவும் காரணமாகலாம். சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இறுகிய விரல்களுக்கு, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை, போட்டுலினம் ஊசி இரண்டும் நிரூபணமான வழிகள். ஆனால் கூடவே பயிற்சி வேண்டும். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்திலும் இதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். தூக்கம் அதிகம் என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.