காபி லிக்கரும் கிரீமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒயிட் ரஷ்யன் என்ற மதுக்கலவையை வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். சரியான அளவு எது?

பதில்: சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் 50 மில்லி வோட்கா, 20 மில்லி காபி லிக்கர் (காபி சேர்த்த இனிப்பு மது), அவற்றின் மேல் கிரீம் என்று வகுத்திருக்கிறது. குட்டையான, வாய் அகன்ற கண்ணாடிக் குவளையில் பெரிய பனிக்கட்டிகளை நிரப்பி, முதல் இரண்டையும் ஊற்றி, மெல்லக் கலக்கியபின் கிரீமை விட வேண்டும். கிரீம் இல்லாமல் நிறுத்தினால் அது பிளாக் ரஷ்யன். இந்த அளவு என் நாவுக்குச் சற்றுக் காட்டமானது. வோட்காவை 40 மில்லியாகக் குறைத்து, லிக்கரை 30 மில்லியாகக் கூட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். அதற்குச் சுவை மட்டுமே காரணமன்று என்பது அடுத்த பதிலில் விளங்கும்.

கேள்வி: நான் ஊற்றும் கிரீம் மேலே நிற்காமல் உடனே கீழே இறங்கிக் கலந்துவிடுகிறது. கரண்டியின் முதுகில்தான் ஊற்றுகிறேன். கை பழகவில்லையா?

பதில்: கையைக் குறை சொல்வதற்கு முன் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். வோட்கா தண்ணீரைவிட இலேசானது. கிரீமோ ஏறத்தாழத் தண்ணீரின் எடையே உடையது. ஆகவே வெறும் வோட்காவின் மேல் கிரீமை ஊற்றினால் அது மூழ்கத்தான் செய்யும். கிரீமைத் தாங்கிப் பிடிப்பது லிக்கரில் கரைந்திருக்கும் சர்க்கரை. 50-க்கு 20 என்ற கலவை தண்ணீரைவிடச் சற்றே கனமாக இருப்பதால், சிறிது பிசகினாலும் அடுக்கு உடைந்துவிடும். 40-க்கு 30 என்று மாற்றினால் அடித்தளம் நன்றாகக் கனத்துவிடுகிறது.

மறுபக்கம், கிரீமையும் இலேசாக்கலாம். குளிர்ந்த கிரீமை மூடியுள்ள சிறு புட்டியில் பாதியளவு மட்டும் நிரப்பிச் சில நொடிகள் குலுக்குங்கள். தளும்பும் ஓசை மெல்ல மங்கி, சாய்த்தால் சொட்டாமல் பட்டையாக வழியும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் குலுக்கினால் வெண்ணெய்தான் மிஞ்சும். பிறகு கரண்டியின் முதுகு பானத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, மெல்லிய தாரையாக விடுங்கள்.

கேள்வி: கிரீமுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்தேன், மணத்துக்காகச் சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டேன். திப்பிதிப்பியாகத் திரிந்துவிட்டது. எதனால்?

பதில்: எலுமிச்சையே முதற்காரணம். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம், அமிலத்தன்மை பி.எச். 4.6 என்ற அளவை நெருங்கும்போது (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். காபியே ஏறத்தாழ 5 என்ற நிலையில் இருப்பதால், கொஞ்சம் புளிப்பு சேர்ந்தாலும் எல்லை தாண்டிவிடும். புரதம் மிகுந்து கொழுப்பு குறைந்த பால் இதில் கிரீமைவிட எளிதில் அகப்படும். 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள கிரீம் பெரும்பாலும் தப்பிவிடும். கருக வறுத்த கொட்டையின் காபியில் புளிப்பு குறைவு. சூடும் திரிவதைத் துரிதப்படுத்தும் என்பதால், எல்லாவற்றையும் குளிரவைத்தே கலக்குங்கள். மணம் வேண்டுமென்றால் எலுமிச்சைத் தோலை மேலே பிழிந்தால் போதும், சாறு வேண்டாம்.

கேள்வி: காபி லிக்கரை நானே தயாரிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. 200 கிராம் சர்க்கரையை 200 மில்லி தண்ணீரில் காய்ச்சிக் கரைத்து, அடுப்பை அணைத்தபின் மூன்று மேசைக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித்தூளைச் சேருங்கள். முற்றிலும் ஆறிய பிறகே 250 மில்லி வோட்காவையும் சிறிது வெனிலாவையும் ஊற்ற வேண்டும். சூடான பாத்திரத்தில் ஊற்றினால் எழும் ஆவி, அருகில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளக்கூடும். இதன் மதுச்செறிவு ஏறத்தாழ 17 சதவீதம் வரும். மெக்சிகோவில் 1936-இல் தோன்றிய கலூவா என்ற காபி லிக்கர், ரம்மை அடிப்படையாகக் கொண்டது. அந்தச் சாயல் பிடித்தவர்கள் வோட்காவுக்குப் பதில் ரம் சேர்க்கலாம். கிரீமை மட்டும் புட்டியில் முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள்.

கேள்வி: பெய்லிஸ் போன்ற கிரீம் லிக்கரை ஊற்றினால் வேலை மிச்சமல்லவா?

பதில்: மிச்சம்தான். ஆனால் அதில் கிரீமும் சர்க்கரையும் ஏற்கெனவே பிணைந்திருப்பதால் அடுக்கு எதிர்பார்த்தபடி அமையாது, இனிப்பும் மிகும்.

கேள்வி: இதில் காபி இருப்பதால் போதை குறையுமா? குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

பதில்: கூடாது. சங்கத்தின் அளவில் ஒரு குவளைக்கு ஏறத்தாழ 24 மில்லி தூய ஆல்கஹால் சேர்கிறது. காஃபீன் தூக்கத்தை மறைக்குமே தவிர, போதையைக் குறைக்காது. கிரீமின் இனிமையில் காட்டம் தெரியாமல் போவதால் வேகமாகக் குடித்துவிடும் அபாயமும் உண்டு.

கேள்வி: மது அருந்தாத விருந்தினருக்கு இதே தோற்றத்தில் ஏதேனும் தர இயலுமா?

பதில்: மேற்சொன்ன பாகில் வோட்காவைச் சேர்க்காமல், ஒரு பங்குக்கு இரு பங்கு குளிர்ந்த கெட்டிக் காபியைக் கலந்து, பனிக்கட்டியின் மேல் ஊற்றிக் கிரீமை விடுங்கள். இலேசாக்கும் ஆல்கஹால் இல்லாததால், மதுவுள்ள குவளையைவிட இதில்தான் அடுக்கு உறுதியாக நிற்கும்.