வீட்டில் கேக் செய்து விற்கும்போது அளவையும் விலையையும் எப்படி முடிவு செய்வது?

6 அங்குல கேக்கைவிட 8 அங்குல கேக்குக்கு எவ்வளவு கூடுதலாக வாங்கலாம், அது எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

2 அங்குலம்தானே என்று கொஞ்சமாகக் கூட்டிவிடாதீர்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 36-க்கு 64. உயரம் ஒன்றே என்றால் மாவுக் கலவை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகும்.

4 அங்குல உயரமுள்ள 8 அங்குல கேக்கை, துண்டின் மேற்பரப்பு 1-க்கு 2 அங்குலம் வரும்படி வெட்டினால் சுமார் 24 பேருக்கு வரும். 1.5-க்கு 2 என்றால் 16 பேருக்குத்தான். முக்கோணமாக வெட்டாமல், முதலில் 2 அங்குல இடைவெளியில் நேர்கோடாக வெட்டி, அப்புறம் ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டால் க்ரீம் இழுபடாது. ஆர்டர் எடுக்கும்போதே துண்டின் அளவைச் சொல்லிவிடுங்கள். பாதி மனஸ்தாபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, விலை. பொருள், பெட்டி, அடிப்பலகை, அடுப்புச் செலவு எல்லாரும் போடுவார்கள். விட்டுப்போவது உங்கள் நேரம்தான். பாத்திரம் கழுவுவதும் வேலைதான், அதற்கும் கூலி போடுங்கள். அலங்காரத்துக்குச் சின்ன கேக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கும். அதனால் 6 அங்குலத்தில் துண்டு விலை கூடுதலாக இருப்பது நியாயமே.