காணாத துணை – கடிதம்

வணக்கம்.

இரட்டைப் பல்சர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பல்சர் என்பது சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்; அது இன்னொரு விண்மீனோடு ஜோடியாகச் சுற்றினால் இரட்டைப் பல்சர். துணை விண்மீன் கண்ணில் படவே இல்லை என்கிறீர்கள். துடிப்பு இடைவெளி மாறுவதை வைத்து மட்டும் அங்கே இன்னொன்று உண்டு என்று எப்படிச் சொல்வது? பல்சரே வேகத்தை மாற்றிக்கொள்ளக் கூடாதா? அடுத்து, ஜோடியில் ஒரு விண்மீன் சூப்பர்நோவாவாக வெடித்துப் பல்சரான பிறகும் ஜோடி பிரியாமல் இருப்பது எப்படி?

க.

அன்புள்ள க.,

தனிப் பல்சரின் சுழற்சி மெல்ல மெல்லக் குறையும். எப்போதாவது சட்டென்று சற்றே வேகமெடுக்கும். கூடிக் குறைந்து, குறித்த நேரத்தில் மறுபடி பழைய அளவுக்கே திரும்புவது அதற்கு வராது. 1974-இல் வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் கண்டறிந்த பல்சரின் துடிப்பு இடைவெளி 58.967 மில்லிவினாடிக்கும் 59.045-க்கும் நடுவே ஊசலாடியது. 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஏற்ற இறக்கம். அதுவும் சீரான அலை அல்ல. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் தட்டை. நீள்வட்டத்தில் கெப்ளர் விதிப்படி ஓடும் பொருளின் டாப்ளர் வடிவம் அது (நம்மை நோக்கி வரும்போது இடைவெளி குறையும், விலகும்போது கூடும்). நான் நம்புவது அந்த வடிவத்தைத்தான்.

ஆனால் பூமியும் ஓடுகிறதே! ஒவ்வொரு துடிப்பின் வருகை நேரத்தையும் முதலில் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்ற வேண்டும். சூரிய ஒளி நம்மை வந்தடைய ஆகும் சுமார் 500 வினாடி இந்தக் கணக்கில் நுழையும். வானில் பல்சரின் இடத்தை 1 விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) பிசகிக் கொடுத்தாலே ஓராண்டுக்கு ஒருமுறை திரும்பும், 2.4 மில்லிவினாடி வரை வீச்சுள்ள அலை மிஞ்சும். சுற்றுக்காலம் சரியாக ஓராண்டு என்று வந்தால் துணையைத் தேடாதீர்கள். முதலில் இடக்குறிப்பைச் சரிபாருங்கள்.

தேடும்போதே கோட்டைவிடுவதும் உண்டு. 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிக்கும் பல்சர் ஒன்று தன் பாதையில் ஓடும் வேகம், ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 10 மீட்டர் அளவு மாறுகிறது என்று வையுங்கள். 1 மணி நேரப் பதிவை ஃபூரியர் மாற்றம் செய்தால் (அதாவது அதில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துப் பார்த்தால்) சமிக்ஞை 86 அதிர்வெண் கட்டங்களில் சிதறி இரைச்சலில் கரைந்துவிடும். பதிவை 10 நிமிடமாகக் குறைத்தால் சிதறல் இரண்டரைக் கட்டத்தில் அடங்கும். ஆனால் பதிவு குறுகியதால் மங்கலான பல்சர்கள் கைநழுவும். ஆகவே முழுப் பதிவையும் வைத்துக்கொண்டு, பல முடுக்க மதிப்புகளை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தைத் திருத்தித் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள். கணினியை வாட்டும் வேலைதான், ஆனால் செய்தே ஆகவேண்டும்.

வெடிப்புக்கு வருவோம். வட்டப்பாதையில் சுற்றும் ஜோடி மொத்த நிறையில் பாதிக்கு மேல் ஒரே அடியாக இழந்தால் பிரிந்துவிடும். ஆனால் வெடிக்கும் விண்மீன் பெரும்பாலும் அதற்கு முன்பே தன் உறையைத் துணைக்குக் கொடுத்து இளைத்திருக்கும். 3 சூரிய நிறையுள்ள கரு வெடித்து 1.4 ஆகிறது, துணை 15 என்றால், 18-இல் போவது 1.6 மட்டுமே. ஜோடி நிலைக்கும், பாதை நீள்வட்டமாகும். வெடிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் அதுவும் முறியலாம். பல்சர்களில் பெரும்பாலானவை தனியாகத் திரிவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

தப்பிய ஜோடியில் துணை வீங்கிப் பொருளைக் கொட்டும்போது, சோர்ந்த பல்சர் மறுபடி வேகம் பெறும். பின்னர் துணையும் வெடிக்கும். 2003-இல் கண்டறியப்பட்ட ஜே0737−3039 ஜோடியில் இரண்டுமே பல்சர்கள்: மூத்தது 22.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை சுழல்கிறது, இளையது 2.77 வினாடிக்கு ஒருமுறை.